ஜோடி ஃபயர்வோலில் இரண்டாம் பெட்டிக்கு என்ன தெரியும்?

இரண்டு ஃபயர்வோல்களை ஜோடியாகப் பூட்டியிருக்கும் அலுவலகம் ஒன்றில், "இரண்டாம் பெட்டியில் இப்போது என்ன விதிகள் இருக்கின்றன?" என்று கேட்டுப் பாருங்கள். "முதற்பெட்டியில் இருக்கிறதுதான்" என்பார்கள். எப்படித் தெரியும் என்றால், "சிங்க் ஆகியிருக்கு, பச்சை காட்டுது" என்று பதில் வரும். சிங்க் என்றால், ஒரு பெட்டியில் உள்ளது மற்றதிலும் அப்படியே இருப்பது. அந்தப் பச்சை எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்பதுதான் இங்கே விஷயம். வவுனியாவிலோ கிளிநொச்சி அறிவியல் நகரிலோ படிப்பை முடித்துவிட்டு, முதன்முதலாக ஒரு சேர்வர் அறையின் திறப்பைக் கையில் வாங்கியிருப்பவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். ஆகவே ஃபயர்வோல் என்றால் என்ன என்பதிலிருந்தே தொடங்கலாம்.

நெட்வேர்க்கின் வாசலில் இருந்துகொண்டு, போகிற வருகிற ஒவ்வோர் இணைப்பையும் விடுவதா மறிப்பதா என்று முடிவெடுக்கும் கருவி அது. முடிவைச் சொந்தப் புத்தியில் எடுப்பதில்லை. நாங்கள் எழுதிக்கொடுத்த விதிப்பட்டியலைப் பார்த்துத்தான் எடுக்கிறது. பாலிசி என்று சொல்வது இந்தப் பட்டியலைத்தான்.

பேச்சுக்கு ஒரு நுண்கடன் நிறுவனத்தை எடுப்போம். தலைமை அலுவலகம் கிளிநொச்சியில். கிளைகள் பரந்தனிலும் மாங்குளத்திலும் புதுக்குடியிருப்பிலும். கடன் கணக்குகள் எல்லாம் கிளிநொச்சி சேர்வரில். அங்குள்ள ஃபயர்வோலில் நான்கு விதிகள் என்று வைத்துக்கொள்ளுங்கள்:

ஒன்று: 'தடைப்பட்டியல்' குழுவிலுள்ள கணினி முகவரிகள் எங்கும் போகக்கூடாது.
இரண்டு: கிளைகள் கணக்கு சேர்வருக்குப் போகலாம்.
மூன்று: மென்பொருள் பராமரிப்பாளர் விபிஎன் (வெளியிலிருந்து பாதுகாப்பாக உள்ளே வரும் இணைப்பு) வழியாக அதே சேர்வருக்குப் போகலாம்.
நான்கு: மற்றதெல்லாம் தடை.

பெரும்பாலான ஃபயர்வோல்கள் இதை மேலிருந்து கீழாகப் படிக்கும்; முதலில் பொருந்துகிற விதியோடு நின்றுவிடும். மாங்குளம் கிளையில் ஒரு கணினிக்கு வைரஸ் பிடித்துவிட்டது, அதன் முகவரியைத் தடைப்பட்டியலில் போட்டுவிட்டோம் என்றால், அது சேர்வரைத் தேடி வரும்போது முதலாம் விதியிலேயே மாட்டிக்கொள்ளும். 'கிளைகள் போகலாம்' என்று இரண்டாம் விதி சொல்வது அதற்கு உதவாது. இந்த மாங்குளம் கணினியை நினைவில் வைத்திருங்கள், திரும்பத் திரும்ப வரும்.

இனி, ஏன் இரண்டு பெட்டி? ஐப்பசி, கார்த்திகை இடிமழையில் ஒரு மின்னல் போதும், பெட்டியோ அதில் கேபிள் ஏறும் போர்ட்டோ போய்விடும். கரண்ட் போய்த் திரும்பி வரும்போது ஏறி வருகிற வோல்ட்டேஜ் இன்னொரு எமன். மாற்றுப் பெட்டி கொழும்பிலிருந்து ஏ9 வழியே வந்து சேரும்வரை மூன்று கிளைகளும் கையைக் கட்டிக்கொண்டு இருக்க முடியாது. அதனால் ஒன்று வேலை செய்ய, மற்றது பக்கத்தில் காத்திருக்கும். முதலாவதை அக்டிவ் என்றும் மற்றதை ஸ்டான்ட்பை என்றும் சொல்வோம். அக்டிவ் விழுந்தால் ஸ்டான்ட்பை பொறுப்பை எடுக்கும், இது ஃபெயில்ஓவர். இப்படிச் செலவழித்து வாங்கிய இரண்டையும் ஒரே யூபிஎஸ்ஸில் செருகி வைத்திருக்கும் இடங்களும் உண்டு. அது வேறு சோகம்.

ஜோடி என்று ஒரே சொல்லில் சொன்னாலும், உள்ளே நடப்பவை மூன்று தனித்தனி வேலைகள். புதியவர்கள் குழம்புவது இங்கேதான்.

முதலாவது, முகவரியைக் கைமாற்றுவது. அலுவலகக் கணினிகள் எல்லாம் வெளியே போகும் வாசலாக ஒரே ஒரு கேட்வே முகவரியைத்தான் அறியும். அந்த முகவரி எந்தப் பெட்டியிடம் இருக்க வேண்டும் என்று இரண்டும் பேசி முடிவெடுக்க வேண்டும். 1998இல் ஆர்எஃப்சி 2338 என்ற இணையத் தர ஆவணமாக வெளிவந்த விஆர்ஆர்பி என்ற நெறிமுறை செய்வது இதைத்தான். 2004இல் ஓப்பன்பிஎஸ்டி 3.5 என்ற இயங்குதளத்துடன் வந்த கார்ப் நெறிமுறை செய்வதும் இதைத்தான். இவற்றுக்கும் விதிகளுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. விஆர்ஆர்பி ஒழுங்காக ஓடுகிறது என்பதை வைத்து விதிகள் ஒன்றாக இருக்கின்றன என்று முடிவுகட்டுவது, அடிப்படையே இல்லாத முடிவு.

இரண்டாவது, செஷன்களைப் பகிர்வது. இந்த நொடியில் யார் யாரோடு பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்ற அட்டவணையை அக்டிவ் ஓயாமல் ஸ்டான்ட்பைக்கு அனுப்பிக்கொண்டிருக்கும். அதனால்தான் ஃபெயில்ஓவர் நடந்தாலும் நடந்துகொண்டிருக்கும் இணைப்புகள் அறுவதில்லை.

மூன்றாவது கொன்ஃபிக் சிங்க். கொன்ஃபிக் என்பது பெட்டியில் எழுதி வைத்திருக்கும் அமைப்புகள் எல்லாம். முதற்பெட்டியில் நாங்கள் எழுதுகிற விதிகளும் முகவரிக் குழுக்களும் இரண்டாம் பெட்டிக்கும் போய்ச் சேர வேண்டும். எங்கள் பிரச்சினை குடியிருப்பது இந்த மூன்றாவதில்.

சிறுபோகத்தில் குளத்துத் தண்ணீருக்கு முறை வைப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். கூட்டத்தில் முறை மாறுகிறது. துருசு திறப்பவர் கையில் புதுப் பட்டியல். அவர் காய்ச்சலில் படுக்க, மறுநாள் திறக்க வந்தவரின் சட்டைப்பையில் பழைய பட்டியல். வந்தவர் தன் தாளில் உள்ளபடிதான் திறக்கிறார், அவரில் ஒரு பிழையும் இல்லை. தண்ணீர் மட்டும் வேறு வயலுக்குப் போகிறது.

சரி, பட்டியல் ஏன் போய்ச் சேராமல் விடுகிறது? சாதாரணக் காரணம், யாரோ ஸ்டான்ட்பைக்குள் நேரே புகுந்து மாற்றம் செய்வது. சிஸ்கோ ஏஎஸ்ஏ போன்ற ஃபயர்வோல்களில் ஸ்டான்ட்பையிலிருந்து அக்டிவுக்கு எதுவும் போகாது. அங்கே கட்டளை அடித்தால், கொன்ஃபிக் இனி ஒன்றாக இல்லை என்று திரையிலேயே எச்சரிக்கை வரும். அதைப் படிக்காமல் அடுத்த வரிக்குப் போகிறவர்கள்தான் அதிகம். இன்னொரு காரணம், மாற்றம் போய்க்கொண்டிருக்கும்போது கரண்ட் போவதோ இரண்டு பெட்டிக்கும் இடையிலான கேபிள் தளர்வதோ. மென்பொருள் வெர்ஷன் வித்தியாசமும் உண்டு: ஒன்றை மேம்படுத்திவிட்டு மற்றதை நாளைக்குப் பார்ப்போம் என்று விட்டால், புது வெர்ஷனில் எழுதிய விதியைப் பழைய வெர்ஷன் புரிந்துகொள்ளாமல் விட்டுவிடலாம்.

இவை புரிகிற காரணங்கள். இனிச் சொல்லப்போவதுதான் ஆளைச் சுற்றவிடும் ரகம்.

பிஎஃப்சென்ஸ் என்ற ஃபயர்வோல் மென்பொருளில் எவற்றையெல்லாம் இரண்டாம் பெட்டிக்கு அனுப்புவது என்று ஒரு நீண்ட தெரிவுப் பட்டியல் இருக்கிறது. விதிகளுக்கு ஒரு டிக், முகவரிக் குழுக்களுக்குத் தனியாக இன்னொரு டிக். விதிகளுக்குப் போட்டுவிட்டுக் குழுக்களுக்குப் போட மறந்தால் என்ன ஆகும்? முதலாம் விதி இரண்டாம் பெட்டிக்கு ஒழுங்காகப் போய்விடும். 'தடைப்பட்டியல்' என்ற குழு அங்கே இருக்காது. அந்தக் குழு யார் என்று தெரியாத பெட்டி, அந்த விதியை ஏற்றாமல் தாண்டிவிடும். மிச்ச மூன்று விதிகளும் வேலை செய்யும். இப்போது ஃபெயில்ஓவர் நடந்தால், எங்கள் மாங்குளம் கணினி வருகிறது. மறிக்க முதலாம் விதி இல்லை. இரண்டாம் விதி பொருந்துகிறது. உள்ளே வா. பட்டியலைக் கண்ணால் பார்ப்பவருக்கு இரண்டு பெட்டியிலும் நான்கு நான்கு விதிகள், ஒரே எழுத்து, ஒரே ஒழுங்கு.

அதே பிஎஃப்சென்ஸில் இன்னொரு பொறி. நாங்கள் போர்ட்டுகளுக்கு என்ன பெயர் வைத்தாலும், உள்ளே அவை லான், வான், ஒப்ட்1, ஒப்ட்2 என்று வரிசைப்படியே இருக்கும். விதிகள் போய்ச் சேருவது அந்த உள்பெயருக்கு. முதற்பெட்டியில் ஒப்ட்1 சேர்வர் நெட்வேர்க்காகவும், இரண்டாம் பெட்டியைப் பொருத்தியவர் அதை விருந்தினர் வைஃபையாகவும் ஒதுக்கியிருந்தால், சேர்வருக்கு எழுதிய விதிகள் அப்படியே வைஃபையில் போய் உட்காரும். சிங்க் பக்கம் எந்தப் பிழையும் காட்டாது. ஏனென்றால் சிங்க் தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறது.

இதுவரை சொன்னவற்றில் முக்கால்வாசி மனிதத் தவறு. உண்மையான வழு என்றால், நாங்கள் எல்லாம் சரியாகச் செய்தும் பெட்டியின் மென்பொருள் தவறவிடுவது. விதி போகும், ஆனால் பட்டியலின் மேலே செருக வேண்டியது கீழே ஒட்டிக்கொள்ளும். முதலாம் விதி இரண்டாமிடத்துக்குப் போனாலே மாங்குளம் கணினி உள்ளே வந்துவிடும். அல்லது சேர்ப்பது போகும், அழிப்பது போகாது. பராமரிப்பாளரின் ஒப்பந்தம் முடிந்து மூன்றாம் விதியை எடுத்துவிட்டோம், முதற்பெட்டியில் இல்லை, இரண்டாம் பெட்டியில் அது உயிரோடு இருக்கிறது.

இதற்கும் ஒரு படி ஆழத்தில் இன்னொன்று. கொன்ஃபிக் என்று நாங்கள் வாசிக்கிற எழுத்தும், பெட்டி உண்மையில் நடைமுறைப்படுத்துகிற விதியும் ஒரே இடத்தில் இருப்பதில்லை. ஜூனிபர் நிறுவனத்தின் எஸ்ஆர்எக்ஸ் ஃபயர்வோலில் இந்தப் பிரிவு தெளிவாகத் தெரியும். கொன்ஃபிக்கை வைத்திருப்பது ரூட்டிங் எஞ்சின். பக்கெட்டுகளை, அதாவது நெட்வேர்க்கில் போகும் தரவுத் துண்டுகளை, நிறுத்தி விதியைப் பார்ப்பது பக்கெட் ஃபோர்வேர்டிங் எஞ்சின். முன்னையது விதிகளைப் பின்னையதற்கு இறக்கிக் கொடுக்க வேண்டும். அந்த இறக்கத்தில் தவறினால், கொன்ஃபிக்கைத் திறந்து பார்ப்பவருக்குப் புது விதி தெரியும். பக்கெட்டுகளுக்குப் பழைய விதி நடக்கும். ஜோடி என்றால் இப்படி ஒரே பட்டியல் நான்கு இடங்களில் இருக்கிறது, நான்கில் எதுவும் தனியே விலகலாம். இது நடக்கக்கூடியது என்று ஜூனிபருக்கே தெரியும். இரண்டு எஞ்சின்களிலும் உள்ள விதிகளை ஒப்பிடவும், விலகியிருந்தால் மீண்டும் இறக்கவும் எஸ்ஆர்எக்ஸில் தனிக் கட்டளைகளே வைத்திருக்கிறார்கள்.

இப்போது அந்தப் பச்சைக்கு வருவோம். வன்னியில் இப்படியான பெட்டிகளைப் பெரும்பாலும் கொழும்பிலிருந்துதான் பார்க்கிறார்கள். தொலைபேசியில் நடக்கும் உரையாடல் ஏறக்குறைய இப்படி இருக்கும்:

"தம்பி, ரெண்டாவது பெட்டியில எச்ஏ லைட் என்ன நிறம் எண்டு பாருங்கோ."

"பச்சைதான் அண்ணை."

"அப்ப பிரச்சினை இல்லை."

எச்ஏ என்பது இந்த ஜோடி ஏற்பாட்டின் சுருக்கப்பெயர். அந்த லைட் சொன்னது, இரண்டு பெட்டிகளும் உயிரோடு இருக்கின்றன, ஒன்றையொன்று காண்கின்றன என்பதை மட்டும்தான். திரையில் வரும் 'சிங்க்' பச்சை இதைவிட ஒரு படி மேல். ஃபோர்டிகேட் ஃபயர்வோல் இரண்டு பெட்டிகளிலும் உள்ள கொன்ஃபிக்கிலிருந்து செக்சம் என்ற சரிபார்ப்பு எண்களைக் கணக்கிட்டு ஒப்பிடும்; எண் வேறானால் சிங்க் இல்லை என்று சொல்லும். பாலோ ஆல்ட்டோ ஃபயர்வோலின் முகப்புப் பக்கமும் ஓடுகிற கொன்ஃபிக் ஒன்றாக இருக்கிறதா என்று நிறத்தில் காட்டும். உருப்படியான வசதிகள். ஆனால் இவை ஒப்பிடுவது கொன்ஃபிக் எழுத்தை. எழுத்து ஒன்றாக இருந்தும் நடைமுறை வேறாக இருக்கலாம் என்று இப்போதுதான் பார்த்தோம். விதியில் முகவரிக்குப் பதிலாக ஓர் இணையத்தளப் பெயர் இருந்தால், அந்தப் பெயருக்கான முகவரியை ஒவ்வொரு பெட்டியும் தானே தேடிக்கொள்வதும் உண்டு. ஸ்டான்ட்பைக்கு டிஎன்எஸ் (பெயருக்கு முகவரி சொல்லும் சேவை) எட்டாவிட்டால் அதே எழுத்துக்கு அங்கே வேறு அர்த்தம்.

என்னைக் கேட்டால், இந்த விஷயத்தில் ஒருவர் மண்டையில் ஏற்றிக்கொள்ள வேண்டியது இதுதான்: அனுமதி விதி காணாமல் போனால் ஆட்கள் கத்துவார்கள், தடை விதி காணாமல் போனால் யாரும் கத்த மாட்டார்கள். ஃபெயில்ஓவருக்குப் பிறகு இரண்டாம் விதி இல்லையென்றால் புதுக்குடியிருப்பிலிருந்து ஐந்து நிமிடத்தில் அழைப்பு வரும். முதலாம் விதி இல்லையென்றால் எல்லாக் கிளையும் சந்தோசமாக வேலை செய்யும், மாங்குளம் கணினி உட்பட. "மாறினது ஒருத்தருக்கும் தெரியேல்லை, நல்ல ஸ்மூத்" என்று பாராட்டும் கிடைக்கும்.

அந்தக் கத்தல்கூடக் குழப்பமாகத்தான் வரும். காரணம், முன்னே சொன்ன செஷன் அட்டவணை. பொதுவாக ஃபயர்வோல் விதியைப் பார்ப்பது புது இணைப்பு தொடங்கும்போது. ஏற்கெனவே அனுமதி பெற்ற இணைப்பு அட்டவணையில் இருந்தால் அது அப்படியே போகும். ஆகவே காலையில் லொகின் செய்தவருக்கு எல்லாம் ஓடும், தேநீர் குடித்துவிட்டு வந்து புதிதாக லொகின் செய்பவருக்கு ஓடாது. பக்கத்து மேசைக்கு ஓடுவதால், குற்றம் அவருடைய கணினி மேல் விழும். இரண்டு பெட்டிகளும் ஒரே நேரத்தில் வேலை செய்யும் அமைப்பென்றால் இன்னும் மோசம்: ஒரே ஆளுக்கு ஒரு முறை திறக்கும், அடுத்த முறை திறக்காது, எந்தப் பெட்டி வழியாகப் போனது என்பதைப் பொறுத்து. வேலை செய்கிறது, செய்யவில்லை என்று மாறி மாறி முறைப்பாடு வரும் இடத்தில், ஜோடியில் ஒன்று விலகியிருக்கிறதா என்று பார்ப்பது நல்ல பழக்கம்.

எப்படிப் பார்ப்பது? செக்சம் ஒப்பீட்டிலிருந்து தொடங்குங்கள், அதில் தவறில்லை. பிறகு இரண்டு பெட்டிகளின் கொன்ஃபிக்கையும் தனித்தனியே கோப்பாக இறக்கி, இரண்டு கோப்புகளை ஒப்பிடும் மென்பொருள் ஏதாவதில் போடுங்கள். சில வரிகள் வேறாகத்தான் இருக்கும்: பெட்டியின் பெயர், அக்டிவாவதற்கான முன்னுரிமை எண், நிர்வாக முகவரி. அவை ஒவ்வொரு பெட்டிக்கும் சொந்தமானவை, பயப்பட வேண்டாம். விதிகளிலும் குழுக்களிலும் ஒரு வரி வேறானாலும், வரிசை மாறியிருந்தாலும், அங்கே நில்லுங்கள். ஸ்டான்ட்பையில் ஒவ்வொரு விதிக்கும் எதிரே, அது எத்தனை முறை பொருந்தியது என்று காட்டும் எண்ணிக்கை பூச்சியமாக இருப்பதைக் கண்டு வழு என்று நினைக்காதீர்கள். போக்குவரத்து அதன் வழியாகப் போகாதபோது எண்ண எதுவும் இல்லை.

கடைசிச் சோதனை, உண்மையாகவே மாற்றிப் பார்ப்பது. ஞாயிறு காலை, கிளைகள் பூட்டியிருக்கும் நேரம், முன்கூட்டியே சொல்லிவிட்டு இரண்டாம் பெட்டியை அக்டிவ் ஆக்குங்கள். பெரும்பாலானோர் இந்த இடத்தில் கணக்கு மென்பொருளைத் திறந்து பார்த்து, ஓடுகிறது என்று முடித்துவிடுவார்கள். அது பாதிச் சோதனை. தடைப்பட்டியலில் உங்கள் சோதனைக் கணினி ஒன்றின் முகவரியைப் போட்டு, அதிலிருந்து சேர்வரைத் தொட்டுப் பாருங்கள். மறிபட வேண்டும். மறிபட்டதோடு நிறுத்தாமல் இரண்டாம் பெட்டியின் லொக்கை (நடந்தவற்றைப் பதியும் குறிப்பேட்டை) திறந்து எந்த விதி மறித்தது என்று பாருங்கள். முதலாம் விதி என்று இருந்தால் சரி. லொக்கில் எதுவுமே இல்லையென்றால், மறித்தது ஃபயர்வோல் ஆக இல்லாமலும் இருக்கலாம். எங்கோ ஒரு கேபிள் கழன்றிருக்கலாம். இணைப்புகளை எல்லாம் புதிதாகத் தொடங்குங்கள், இல்லாவிட்டால் பழைய செஷன்கள் உங்களை ஏமாற்றும். திரும்ப முதற்பெட்டிக்கு மாற்றிய பிறகு அதே சோதனையை அங்கேயும் செய்யுங்கள். மாறி மாறி வரும்போது சிங்க் ஓடுவதால், போகும்போது சரியாக இருந்தது வரும்போது பிசகலாம்.

விலகியிருப்பது உறுதியானால், உடனே சிங்க் பொத்தானை அமுக்கக் கை துடிக்கும். பொறுங்கள். எது சரியான பிரதி என்று முதலில் முடிவெடுக்க வேண்டும். பாலோ ஆல்ட்டோவில் அந்தப் பொத்தான், நீங்கள் எந்தப் பெட்டிக்குள் நிற்கிறீர்களோ அதன் கொன்ஃபிக்கைத்தான் மற்றதற்குத் தள்ளும். பழைய பிரதி இருக்கும் பெட்டிக்குள் நின்று அமுக்கினால் புதியதும் பழையதாகிவிடும், அதன் பிறகு இரண்டும் அழகாக ஒத்துப்போய்ப் பச்சை காட்டும். எந்த விதி எப்போது மாற்றப்பட்டது என்று ஒரு கொப்பியில் எழுதி வைத்திருக்கும் அலுவலகம் இந்த இடத்தில் தப்பும்.

எழுத்து ஒன்றாக இருந்தும் நடத்தை வேறாக இருந்தால், அது மென்பொருள் வழுவாக இருக்கலாம். பெட்டி வாங்கிய நிறுவனத்துக்கு டிக்கெட் போட வேண்டிய கட்டம். அவர்கள் முதலில் சொல்லக்கூடியது, இரண்டாம் பெட்டியை ஒருமுறை நிறுத்தித் தொடங்குங்கள் என்பது. அதற்கு முன் இரண்டு கொன்ஃபிக் கோப்புகளையும், செக்சம் எண்களையும், வெர்ஷன் எண்களையும், விதி மாற்றப்பட்ட நேரத்துக்கான லொக்கையும் எடுத்து வைத்துவிடுங்கள். நிறுத்தித் தொடங்கும்போது விதிகள் முழுவதும் புதிதாக இறங்குவதால், விலகல் மறைந்துவிடக்கூடும். அதோடு அதைக் காட்டுவதற்கான ஆதாரமும் போய்விடும். வழு அதே வெர்ஷனில் அப்படியே இருக்கும், அடுத்த விதி மாற்றத்துக்குத் திரும்பி வரும். மேம்படுத்தல் குறிப்புகளில் உங்கள் வெர்ஷனுக்கு அந்த வழு பதிவாகியிருக்கிறதா என்று அவர்களையே தேடிச் சொல்லச் சொல்லுங்கள். திருத்திய வெர்ஷன் வரும்வரை, ஒவ்வொரு விதி மாற்றத்துக்குப் பிறகும் இரண்டு கோப்புகளை இறக்கி ஒப்பிடுவதோடு, மேலே சொன்னபடி மாற்றிப் பார்ப்பதையும் செய்வதைத் தவிர வேறு வழி இல்லை.